சொன்னதும் முடிந்ததும்

ஜனவரி 8, திங்கள்

இன்றிலிருந்து பேப்பரில் எழுதுகிறேன். இந்த நோட்டை எவனும் எதனோடும் இணைக்க முடியாது.

திருச்செங்கோட்டில் சென்னி போர்வெல்ஸ் என்றால் ஆறு ரிக் வண்டி. ஆறும் ஊரில் நிற்பதில்லை. மத்தியப் பிரதேசம், கர்நாடகம் என்று எங்கெங்கோ பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கும். இங்கே நாற்காலியில் உட்கார்ந்து ஆறையும் நடத்துகிறவன் நான். முதல் வண்டி வாங்கிய காலத்தில் அதன் துளை ராடு பிடித்தவனும் நான்தான். முதலாளி சென்னியப்பனுக்கு முட்டி போய்விட்டதால் தீபாவளியிலிருந்து அவர் மகன் தரணிதரன் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். கோயமுத்தூரில் படித்தவன். வந்ததும் ஒரு பலகை வைத்தான். சுவரில் இல்லை, போனில். யார் என்ன வேலை செய்யவேண்டும் என்று சீட்டுச் சீட்டாக அதில் இருக்கும். ஆபீஸ் ஆட்கள், வண்டி ஆட்கள் எல்லோரும் பார்க்கலாம். வேலை முடிந்தால் சீட்டு பச்சையாகிவிடும்.

எனக்கு அது தேவையில்லை. என் போனில் எனக்கென்று ஒரு வேலைப் பட்டியல் ஆப் இருக்கிறது. கொரோனா சமயத்தில் நானே கற்றுக்கொண்டது. எட்டாவது வரை படித்தவன், கம்ப்ரஸரோடு வந்த புத்தகத்தை வைத்து இங்கிலீஷ் படித்தவன், இதையும் யாரிடமும் கேட்காமல் படித்தேன். ஆபீஸ் வேலை, வீட்டு வேலை எல்லாம் அதில்தான்.

இன்று தரணி, "மாமா, போனை ஒரு நிமிசம் குடுங்" என்றான். கொடுத்தேன். திருப்பித் தரும்போது சிரித்தான்.

"உங்க லிஸ்ட்டையும் பலகையையும் சேத்துட்டனுங் மாமா. இனி ரெண்டு எடத்துல பாக்க வேண்டீதில்லை. நீங்க அங்க எழுதுனா இங்க வந்துரும். அங்க டிக் போட்டா இங்க பச்சை ஆயிரும்."

நான் கேட்டேனா?

ஜனவரி 9, செவ்வாய்

காலையில் ஆபீஸ் கணக்குப் பெண் கிருத்திகா என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்" என்றாள். அதற்குள் கர்நாடகத்து வண்டியில் மாற்று டிரில்லராக இருக்கும் மாராப்பனிடமிருந்து போன்.

"ஏனுங் மேனேசரு, வயிறு எப்படிங்? லேகியம் தீந்துபோச்சாமா?"

பின்னால் நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம்.

பலகையைத் திறந்து பார்த்தேன். என் பட்டியல் முழுவதும் அதில் தொங்குகிறது. 'மலச்சிக்கல் லேகியம் தீர்ந்தது, வாங்கவேண்டும்.' 'பாவாயி கண் டாக்டர்.' 'பனியன் கிழிசல்.' எல்லாவற்றுக்கும் கீழே, தினமும் காலை ஒன்பதரைக்கு வருமாறு நான் வைத்திருந்தது: 'தரணியிடம் கோபப்படக் கூடாது.'

அதன் அடியில் இயந்திரம் தானாக எழுதியிருந்தது: 'அர்த்தநாரி இதை முடித்தார்.'

உண்மைதான். ஒன்பதரைக்குப் படித்தேன், எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், டிக் போட்டேன். பத்து மணிக்கு அவன் அறைக்குள் போய்ப் பேசினேன். பக்கத்து டயர் கடைக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாராம். பார்க்கட்டும்.

ஜனவரி 10, புதன்

என் வீட்டு வேலைகளைத் தரணி பலகையிலிருந்து எடுத்துவிட்டான். ஒன்பதரை மணி சீட்டு மட்டும் போகவில்லை. நான் அதை ஆபீஸ் பிரிவில் எழுதியிருக்கிறேனாம். சரி, அழித்துவிடுகிறேன் என்றேன். "இருக்கட்டுங் மாமா, எனக்கும் பாதுகாப்பு" என்றான். கிருத்திகா மறுபடி வாயை மூடிக்கொண்டாள். அழிக்கவில்லை. நான் எழுதியதை அழித்தால் பயந்துவிட்டேன் என்று ஆகும்.

ஆபீஸ் வேலைகள் இணைந்தபடியே இருக்கின்றன. எல்லோரையும் நிற்கவைத்து உபதேசம் வேறு. "பலகைல இருக்கறதுதான் வேலை. பலகைல இல்லைன்னா அது வேலையே இல்லைங். பச்சை விழுந்ததை யாரும் மறுபடி தொட வேண்டாம். ஒரே வேலைய ரெண்டு பேரு செய்யறதுதான் நம்மகிட்ட இருக்கற வியாதி."

அவனுக்கு என் முறை தெரியாது. நான் ஒரு வேலையை ஒருவனிடம் சொல்லிவிட்டேன் என்றால் என் கணக்கில் அது முடிந்தது. அந்தக் கணமே அடித்துவிடுவேன். பேப்பரில் எழுதிய காலத்திலும் அப்படித்தான், போனிலும் அப்படித்தான். கேட்டவன் சுமப்பான், சொன்னவன் அடுத்ததைப் பார்ப்பான். ஒவ்வொன்றும் முடிகிறவரை நானும் சுமந்தால் ஆறு வண்டியின் பாரமும் என் தலையில்தான் இருக்கும். அர்த்தநாரி சொல்லி நடக்காத வேலை சென்னி போர்வெல்ஸில் இதுவரை இல்லை. இதை எந்தப் பலகையில் எழுதுவது?

ஜனவரி 12, வெள்ளி

ஒன்பதரைக்கு டிக். பத்தேகாலுக்குச் சண்டை. டீசல் விஷயம்.

ஜனவரி 18, வியாழன்

பொங்கல் கழிந்து ஆபீஸ் திறந்தோம். என் வீட்டுக்காரி பாவாயிக்குக் கண்ணில் புரை முற்றியிருக்கிறது, மாசியில் வெட்டிவிடலாம் என்கிறார் டாக்டர். என் சட்டை எது, வேட்டி எது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் பொய் சொன்னால் மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

மதியம் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாடாவிலிருந்து நல்லசிவம் பேசினான். மூன்றாம் நம்பர் வண்டியின் டிரில்லர். வண்டியின் லீவரில் அவன் கை இருந்தால் நான் இங்கே நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

"அண்ணா, அக்கா புள்ளைக்குக் கண்ணாலங். பிப்ரவரி பதினொண்ணு, ஞாயித்துக்கெழமை. திண்டல்ல மண்டபங்."

"மாப்பிள்ளை எந்தூரு?"

"பெருந்துறைங். நல்ல எடங்ணா. மச்சாந்தான் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமே. தாய்மாமன் நானொருத்தன்தான். பட்டம் கட்டோணும். முன்னாடி நாளே வந்தாத் தேவலைங்."

மச்சான் இறந்தபோது அந்தக் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. அதைப் படிக்க வைத்து, நகை சேர்த்து, இப்போது கல்யாணம் வரை கொண்டுவந்தது இவன் சம்பாத்தியம். அதற்காகவே வெய்யில் காலம் முழுவதும் வடக்கே கிடப்பான். கல்யாணத்தன்று பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட தாய்மாமன் கை வேண்டும். வேறு கை ஆகாது.

"நீ துணி எடுடா. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீங்க சொன்னாப் போதுங்ணா" என்றான்.

ஜனவரி 19, வெள்ளி

என் பட்டியலில் எழுதினேன்: 'நல்லசிவம் ஊர் வரவேண்டும். டிக்கெட். மாற்று ஆள் மாராப்பன்.' எழுதிய உடனே பலகையிலும் சீட்டு விழுந்தது. விழட்டும்.

கிருத்திகாவின் மேசைக்குப் போனேன். டீசல் பங்க்காரனோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "அம்மிணி, நல்லசிவத்துக்கு நாக்பூருல இருந்து ஈரோட்டுக்கு டிக்கெட் போட்டுரு. மாராப்பனை மூணாம் நம்பருக்குப் போகச் சொல்லீரு" என்றேன். தலையை ஆட்டினாள்.

டிக்.

ஜனவரி 25, வியாழன்

தரணி கூப்பிட்டு உட்காரச் சொன்னான். டீ வரவழைத்தான். டீ வரும்போதே தெரிந்துவிட்டது.

"மாமா, ஏப்ரல்ல இருந்து ஆளுங்களைப் பாக்கறது, வண்டி மாத்தறது எல்லாம் கிருத்திகா பாத்துக்கட்டுங். நீங்க ஆலோசகரா இருங். வேணுங்கறப்ப வாங்."

"வேணுங்கறப்பன்னா? ஆருக்கு வேணுங்கறப்ப?"

"கோச்சுக்காதீங் மாமா. வயசாகுதில்லீங்?"

"உங்கப்பனுக்கு முட்டி போச்சு. எனக்குப் போகலை."

"முட்டியப் பத்திப் பேசலீங். முறையப் பத்திப் பேசறேன். எல்லாம் உங்க மண்டைக்குள்ளயே இருக்குது. நாளைக்கு உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தா ஆறு வண்டியும் படுத்துரும்."

"எனக்குக் காய்ச்சல் வராது."

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அந்தப் பெண்ணிடம் என் வேலையைக் கொடுக்கப்போகிறானாம். அவள் ரிக் வண்டியைக் காலண்டர் படத்தில் பார்த்தவள். கேட்டதற்குத் தலையாட்டுவதைத் தவிர அவளுக்கு என்ன தெரியும்?

ஜனவரி 31, புதன்

கோபப்படக் கூடாது: டிக். பேசவே இல்லை, அதனால் இன்று அது உண்மை.

பிப்ரவரி 6, செவ்வாய்

காலையில் நல்லசிவம் பேசினான். குரலில் ஒரு தயக்கம்.

"அண்ணா, டிக்கெட் இன்னும் போனுக்கு வரலீங். மாராப்பனும் வந்து சேரலை."

"முன்னாடியே கேக்கறதுக்கென்னடா?"

"நீங்க சொல்லீட்டீங். பலகைலயும் அன்னைக்கே பச்சை விழுந்துருச்சு. அதுக்கு மேல கேட்டா உங்களை நம்பாத மாதிரி ஆயிருமேன்னு இருந்துட்டனுங்."

போனை வைத்துவிட்டுக் கிருத்திகாவின் மேசைக்குப் போனேன்.

"டிக்கெட் எங்க?"

"எந்த டிக்கெட்டுங்?"

"நல்லசிவத்துது. உங்கிட்ட நின்னு சொன்னேன். தலையாட்டுனே."

அவள் முகம் வெளுத்தது. "நீங்க சொன்னீங். போன் பேசி முடிச்சுட்டுப் பலகையப் பாத்தனுங். அதுக்குள்ள பச்சை ஆயிருந்துச்சு. நீங்களே போட்டுட்டீங்கன்னு விட்டுட்டனுங். பச்சை விழுந்ததைத் தொட வேண்டாம்னு சார் சொல்லிருக்காரு."

"நான் எப்படி டிக்கெட் போடுவேன்? உங்கிட்டச் சொன்னேனில்ல?"

"முடிச்சாச்சுன்னு உங்க பேருதானுங் இருக்குது."

சத்தம் கேட்டுத் தரணி வந்தான். போனை எடுத்துப் பார்த்தான். எனக்கும் காட்டினான். 'நல்லசிவம் ஊர் வரவேண்டும்' என்று இருந்தது. அடியில், 'அர்த்தநாரி இதை முடித்தார்.'

"மாமா, சொன்னதுக்கா டிக் போட்டீங்?"

"சொன்னா முடிஞ்ச மாதிரி."

"சொன்னா சொன்ன மாதிரிங் மாமா. முடிஞ்சா முடிஞ்ச மாதிரி."

"உன் பலகைய என் பட்டியலோட சேக்கச் சொல்லி நான் கேட்டனா? அது தனியா இருந்தவரைக்கும் எவன் டிக்கெட்டாவது நின்னிருக்குதா?"

கிருத்திகா அழுதாள். அழுகிற பெண்ணின் முன்னால் நின்று எப்படிப் பேசுவது? வெளியே வந்து நின்றேன்.

மாராப்பனைக் கூப்பிட்டேன். அவன் மனைவி எடுத்தாள். ஊருக்கு வந்த இடத்தில் டைபாய்டாம், ஐந்து நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம். மற்ற வண்டிகளில் வண்டிக்கு ஒரு டிரில்லர்தான், பாதிக் குழியில் நிற்கிறார்கள். மூன்றாம் நம்பரை நிறுத்திவைக்கவும் முடியாது. அங்கே ஊர்ப் பொதுக் கிணறு வற்றிக் கிடக்கிறது. நாம் நிறுத்தினால் ஏஜென்ட் மறுநாளே வேறு ரிக்கைக் கூப்பிடுவான். அந்தச் சீமையில் இந்த வருஷம் நமக்குப் பிறகு இடமில்லை. அந்த வண்டியில் இருக்கும் மற்ற ஐந்து பேரின் பிழைப்பும் அதில் இருக்கிறது.

சாயங்காலம் தரணி ஒரு வழி சொன்னான்.

"டிக்கெட்டைத் தட்கல்ல பாத்துக்கலாம். ஆளுதான் இல்லை. நல்லசிவத்துக்கிட்ட நானே பேசறனுங் மாமா. கண்ணாலத்தன்னைக்கு வீடியோ கால் போட்டுக் குடுத்தர்லாம். மண்டபத்துல பெரிய திரை வெச்சு…"

"பட்டத்தை எப்படிடா கட்டுவான்? திரைக்குள்ள கைய உட்டா?"

நான் இன்னும் பேசினேன். இங்கே எழுத வேண்டியதில்லை.

பிப்ரவரி 7, புதன்

பெட்டி கட்டினேன். காக்கிக் கால்சட்டை இரண்டு, துண்டு, லேகியம். பாவாயி துணியைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"ஏனுங், எங்க?"

"சிந்துவாடா. நாலஞ்சு நாள் வண்டியில இருந்துட்டு வர்றேன்."

"நீங்களா? லீவர் புடிச்சு எத்தனை காலமாச்சு!"

"சைக்கிள் மறக்குமா?"

"தப்பு ஆரு மேலைங்?"

"பலகை மேல. அவன் மேல. அந்தப் புள்ளை மேல."

"உங்க மேல இல்லீன்னா நீங்க எதுக்குங் பெட்டி கட்டறீங்?"

பல் தேய்க்கும் பிரஷ் எங்கே என்று கேட்டேன். கையில்தான் இருக்கிறது என்றாள்.

ஆபீஸில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தரணி, "விளையாடாதீங் மாமா, உங்க வயசுக்கு" என்று ஆரம்பித்தான். "ஆலோசகரு ஆலோசனை சொல்றேன், கேட்டுக்க. நாளைக்குக் காத்தால தட்கல் தொறந்ததும் நல்லசிவத்துக்கு ஒம்பதாந்தேதிக்கு நாக்பூருல இருந்து டிக்கெட் போடு" என்றேன். கிருத்திகா எழுந்து நின்றாள். "நானே போடறனுங். போட்டுட்டு உங்களுக்குப் போனும் பண்றனுங்" என்றாள். தலையாட்டவில்லை, வாயால் சொன்னாள்.

ஈரோட்டில் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறினேன். தரணி ஏசி டிக்கெட் போடுகிறேன், நாளை போகலாம் என்றான். நாளை போனால் பதினொன்றாம் தேதி யாருடைய கை பட்டம் கட்டும்?

பிப்ரவரி 8, வியாழன்

ரயிலில் எழுதுகிறேன். கதவோரம் பெட்டி மேல் உட்கார இடம் கிடைத்தது. முட்டி வலிக்கிறது. இதைத் தரணிக்குச் சொல்லப்போவதில்லை.

கிருத்திகா போன் செய்தாள். டிக்கெட் கிடைத்துவிட்டதாம். நல்லசிவத்துக்கும் அனுப்பிவிட்டாளாம், அவனிடம் பேசியும் விட்டாளாம். சண்டை நடந்த அன்றே தரணி அந்தச் சீட்டைப் பச்சையிலிருந்து திருப்பி வைத்துவிட்டான். நான் எதையும் டிக் செய்யவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

விடிந்ததும் வண்டி நிற்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தேன். செம்மண் இல்லை இங்கே, கரிசல். பனி. நல்லசிவம் லீவரை விட்டு இறங்கி ஓடிவந்தான். முகமெல்லாம் கல் தூசி.

"அண்ணா! நீங்க எதுக்குங்ணா?"

"கை அரிச்சுது. ஆபீஸ்ல உக்காந்து உக்காந்து சலிச்சுப்போச்சு. நவுரு."

அவன் நகரவில்லை. என் கையையே பார்த்தான். "உங்களைப் போய் இப்படி… நான் அக்காகிட்டச் சொல்லிக்கறனுங். பெரியப்பா மகன் ஒருத்தன் இருக்கறான், அவனைக் கட்டச் சொல்லி…"

"அடேய், பஸ்ஸு போயிரும். மூஞ்சியக் கழுவீட்டுப் போறியா, இல்லை இப்படியே பேயாட்ட மணவறையில போய் நிக்கறியா?"

பையன்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. குனிந்து என் காலைத் தொட வந்தான். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன். அதன் பிறகுதான் போனான்.

பிப்ரவரி 10, சனி

நானூறு அடி வரை வறட்டுத் தூசி. அதன் பிறகு ஈரம் தட்டியது. கை லீவரை மறக்கவில்லை. இடுப்பு மட்டும் தனியாக வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. பையன்கள் நான் இறங்கும்போதெல்லாம் இரண்டு பக்கமும் வந்து சும்மா நிற்கிறார்கள். பிடிக்க வந்தவர்கள் மாதிரி காட்டிக்கொள்வதில்லை. விவரமானவர்கள்.

மதியம் தரணி பேசினான்.

"எப்படி இருக்கீங் மாமா?"

"வண்டி ஓடுது."

"வண்டியக் கேக்கலீங்."

"நானும் ஓடறேன்."

பிறகு, "அப்பாகிட்டச் சொன்னனுங். திட்டுனாரு" என்றான்.

"என்னையா?"

"ரெண்டு பேரையுந்தான். மாமா, பலகைல ஒண்ணு மாத்திருக்கறன். பாருங்."

"எனக்கு நேரமில்லை" என்று வைத்துவிட்டேன்.

மாலையில் நல்லசிவம் ஈரோட்டிலிருந்து கூப்பிட்டான். இறங்கிவிட்டானாம். அவன் அக்கா போனை வாங்கி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. "கண்ணாலம் நல்லபடியா நடக்கட்டும் சாமி" என்றேன். சீட்டை டிக் செய்யவில்லை. ஈரோட்டுக்கு வந்தால் மண்டபத்துக்கு வந்தது ஆகுமா? மண்டபத்துக்கு வந்தால் பட்டம் கட்டியது ஆகுமா?

பிப்ரவரி 11, ஞாயிறு

காலை ஏழரைக்குப் போட்டோ வந்தது. பெண் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். நல்லசிவம் பட்டத்தை நெற்றியில் வைத்துப் பின்னால் முடிச்சுப் போடுகிறான். வேட்டி புதிது. நகக்கண்ணில் இந்த ஊர்த் தூசி இன்னும் இருக்கிறது, பெரிதாக்கிப் பார்த்தால் தெரிகிறது.

போட்டோவை நல்லசிவத்தின் சீட்டில் சேர்த்தேன். அதன் பிறகுதான் டிக் போட்டேன். 'அர்த்தநாரி இதை முடித்தார்' என்று வந்தது. இந்த முறை அந்த இயந்திரம் உளறவில்லை.

அப்போதுதான் அவன் மாற்றியது கண்ணில் பட்டது. முன்பெல்லாம் பலகையில் இரண்டே பத்தி: 'செய்ய வேண்டியது', 'முடிந்தது'. இப்போது இரண்டுக்கும் நடுவில் புதிதாக ஒன்று, மஞ்சள் நிறத்தில்: 'சொல்லியாச்சு'. என் பட்டியலிலும் அதே மஞ்சள் வந்திருக்கிறது. ஜனவரி எட்டாம் தேதியே செய்திருக்கவேண்டிய வேலை. படித்தவனுக்கு ஒரு மாதமும் ஒரு ரயிலும் தேவைப்பட்டிருக்கிறது.

உடனே போன் போட்டேன்.

"மஞ்சளை இப்ப வெச்சு என்ன பிரயோசனம்? அன்னைக்கே வெக்கறதுக்கென்ன?"

"அன்னைக்கு நீங்க சொல்லவே இல்லீங் மாமா, உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுன்னு."

"நீ கேட்டியா?"

"கேக்கலீங்."

"ஏப்ரலும் இல்லை ஒண்ணுமில்லை. நான் நாற்காலியை விடறதா இல்லை. அந்தப் புள்ளைக்கு நானே ரிக்குன்னா என்னன்னு காட்டிக் குடுத்துட்டு அப்பறம் யோசிக்கறேன். தெரியுதா?"

"தெரியுதுங் மாமா. சத்தமாவே தெரியுது."

வைத்துவிட்டு லீவருக்குப் போனேன். ஐநூற்று நாற்பதடியில் தண்ணீர் பீறியது. ஊர்க்காரர்கள் குடத்தோடு ஓடிவந்தார்கள். நனைந்த கையோடு போனை எடுத்தேன். நேரம் பார்க்கத்தான். ஒன்பதரைச் சீட்டு வந்து காத்திருந்தது: 'தரணியிடம் கோபப்படக் கூடாது.'

டிக் போட விரல் போனது. போடவில்லை.

பிடித்து இழுத்து மஞ்சளில் வைத்தேன்.